லாந்தர் சின்னம்: பாத்திமா ஜின்னா அம்மையாரின் தேர்தல் – ஒரு மறுமதிப்பீடு

1965-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2-ஆம் நாள் பாகிஸ்தானில் ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. அந்நாட்டின் மக்கள் தொகை அப்போது பத்துக் கோடி அளவில் இருந்தது. ஆனால் அத்தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தோர் எண்பதினாயிரம் பேர் மட்டுமே. ஆட்சியிலிருந்த பீல்டு மார்ஷல் அயூப் கான் 49,951 வாக்குகளும், அவரை எதிர்த்து நின்ற பாத்திமா ஜின்னா அம்மையார் 28,691 வாக்குகளும் பெற்றனர். மற்ற இரு வேட்பாளர்களும் சேர்ந்து பெற்றவை முந்நூறைக்கூட எட்டவில்லை. நூற்றுக்கு அறுபத்து மூன்று, நூற்றுக்கு முப்பத்தாறு என்ற கணக்கோடு அத்தேர்தலின் கதை பெரும்பாலான நூல்களில் முடிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு அம்மையாரின் முயற்சி ஒரு முதிய மாதரசியின் வீண் போராட்டமாகத் தோன்றும். வேறு சிலர், முறைகேடு இல்லாதிருந்தால் அவரே வென்றிருப்பார் என்று உறுதியாகச் சொல்லி, வேறெதையும் ஆராயாமல் விட்டுவிடுவர். இவ்விரு தீர்ப்புகளும் அந்தத் தேர்தலுக்கு முழு நியாயம் செய்வன அல்ல. அப்பிரசாரத்தின் வலிமை எங்கே இருந்தது, வலுக்குறைவு எங்கே இருந்தது, அதன் பின்விளைவு எவ்வாறு அந்நாட்டின் வரலாற்றையே திருப்பியது என்பதை நிதானமாக எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

எண்பதினாயிரம் பேரின் தேர்தல்

1958 அக்டோபரில் இராணுவச் சட்டத்தின் மூலம் ஆட்சியைக் கைப்பற்றிய அயூப் கான், அடுத்த ஆண்டே 'அடிப்படை ஜனநாயகம்' என்ற புதுமுறையை அறிவித்தார். பாமர மக்களுக்கு மேல்நாட்டுப் பாராளுமன்ற முறை ஒத்து வராது. தம் ஊரை அறிந்து, தம் ஊரில் நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தேர்ந்தெடுக்க மட்டுமே அவர்களால் இயலும் என்பது அவர் வாதம். அதன்படி ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் கிழக்குப் பாகிஸ்தானில் நாற்பதினாயிரம் பேரும் மேற்குப் பாகிஸ்தானில் நாற்பதினாயிரம் பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கிராம அளவிலான ஒன்றியக் கவுன்சில்களை இவர்கள் நடத்துவர். 1962-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் இவர்களையே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர்களாகவும் ஆக்கியது.

இம்முறையில் ஊர் நிர்வாகத்திற்குச் சில நன்மைகள் விளைந்தன என்பதை மறுப்பதற்கில்லை. கிராமச் சாலைகளும் பாலங்களும் வாய்க்கால்களும் ஒன்றியக் கவுன்சில்கள் வாயிலாக அமைக்கப்பட்டன. கிழக்குப் பாகிஸ்தானில் அமெரிக்கக் கோதுமை உதவியைக் கொண்டு நடைபெற்ற கிராமப் பணித் திட்டம் இதற்குச் சான்று. ஆனால் அந்த நன்மையிலேயே ஒரு கண்ணி பின்னப்பட்டிருந்தது. சாலைக்குப் பணம் ஒதுக்குவதும் கணக்குப் பார்ப்பதும் அரசாங்கம். அந்தப் பணத்தைச் செலவிடுபவர் ஒன்றிய உறுப்பினர். அரசாங்கத்தின் தலைவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் வாக்கும் அதே உறுப்பினரின் கையில். மாவட்ட அதிகாரியின் தயவில் வாழும் ஒருவர், அந்த அதிகாரியின் தலைமை அதிகாரியை எதிர்த்து வாக்களிப்பார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பை அறியாமையாகும்.

அத்துடன், பழைய தலைவர்கள் பலர் முந்தைய சட்டமொன்றினால் 1966 இறுதி வரை அரசியலிலிருந்தே விலக்கப்பட்டிருந்தனர். வங்கச் சிங்கம் என்று போற்றப்பட்ட பஸ்லுல் ஹக் 1962-ல் மறைந்தார். சுஹ்ரவர்தி 1963 டிசம்பரில் மறைந்தார். அரசாங்கத்தை எதிர்க்கக் கூடியவர்களில் ஒருவர் சிறையில், ஒருவர் தடையில், ஒருவர் மண்ணறையில் என்ற நிலை. இந்த வெற்றிடத்தில்தான் ஐந்து எதிர்க்கட்சிகள் 1964-ல் ஒன்று கூடின.

வேட்பாளர் எவ்வாறு கிடைத்தார்?

கூட்டு எதிர்க்கட்சிகள் என்று பெயர் பூண்ட அந்த அணியை நோக்கினால் வியப்பே மேலிடும். குவாஜா நாஜிமுத்தீன் தலைமையிலான கவுன்சில் முஸ்லிம் லீக், ஷேக் முஜீபுர் ரஹ்மானின் அவாமி லீக், மௌலானா பாஷானியின் இடதுசாரித் தேசிய அவாமி கட்சி, சௌத்ரி முஹம்மது அலியின் நிஜாமே இஸ்லாம், மௌலானா மௌதூதியின் ஜமாஅத்தே இஸ்லாமி ஆகிய ஐந்தும் அதில் இருந்தன. வங்க மாகாணத்திற்கு முழுத் தன்னாட்சி கேட்பவர்களும், வலுவான மத்திய அரசு வேண்டுவோரும், பொதுவுடைமைச் சாயல் கொண்டோரும், ஷரீஅத் ஆட்சி கோருவோரும் ஒரே விரிப்பில் அமர்ந்தனர். தங்களுள் எவரை நிறுத்தினாலும் மற்ற நால்வரும் முகம் சுளிப்பர். கிழக்குப் பாகிஸ்தானில் ஆளுநராக இருந்து மக்கள் அன்பைப் பெற்ற ஜெனரல் ஆஜம் கானின் பெயர் எழுந்தபோது, அவர் இராணுவ ஆட்சியில் பங்கு கொண்டவர் என்ற ஆட்சேபம் எழுந்தது.

அனைவரும் தலை வணங்கக் கூடிய பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காயிதே ஆஜம் முஹம்மது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா. அவருக்கு அப்போது வயது 71. தமையனைவிடப் பதினேழு வயது இளையவர். கல்கத்தாவில் பல் மருத்துவம் பயின்று 1923-ல் பம்பாயில் தமக்கென மருத்துவக் கூடம் அமைத்தவர். 1929-ல் ஜின்னாவின் மனைவி காலமான பின், தம் தொழிலைத் துறந்து தமையனின் இல்லத்தைக் கவனிக்கத் தொடங்கினார். அதன் பின் பத்தொன்பது ஆண்டுகள், 1948 செப்டம்பரில் ஜின்னா கண் மூடும் வரை, அவருடைய ஒவ்வொரு மேடையிலும் உடனிருந்தவர் அவரே. மக்கள் அவருக்கு அளித்த பட்டம் 'மாதரே மில்லத்'. காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் அவர்களின் பெயரோடு வளர்ந்த தமிழ் முஸ்லிம்களுக்கு 'மில்லத்' என்ற சொல்லின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. சமுதாயத்தின் தாய் என்பதே அப்பட்டத்தின் பொருள்.

ஆனால் அவர் வெறும் நினைவுச் சின்னமாக வாழ்ந்தவர் அல்லர். தமையனின் மறைவுக்குப் பின் எந்தப் பதவியையும் ஏற்காமல், ஆட்சியாளர்களைக் கண்டிக்கத் தயங்காமல் இருந்தார். 1951-ல் ஜின்னாவின் நினைவு நாளில் அவர் வானொலியில் உரையாற்றியபோது, அரசைக் குறை கூறும் பகுதி வந்த வேளையில் ஒலிபரப்பு தடைப்பட்டது. அந்த மௌனம் பேச்சைவிட அதிகமாக மக்களுக்கு உணர்த்தியது. பதவி தேடாத ஒருவர் 1964 செப்டம்பரில் வேட்பாளராக இசைந்தபோது, நாட்டில் ஏதோ பெருந்தவறு நேர்ந்திருக்கிறது என்ற எண்ணம் சாமானியர் உள்ளத்தில் தானே எழுந்தது. அவரது பிரசாரத்தின் முதல் வலிமை இதுவே.

வாக்கில்லாதவர்களிடம் பேசிய பிரசாரம்

அயூப் கானின் சின்னம் ரோஜா. அம்மையாரின் சின்னம் லாந்தர் விளக்கு. மின்சாரம் எட்டாத கிராமங்களில் இரவைக் கடக்க உதவும் பொருள் எதுவோ அதுவே அவர் சின்னமாக அமைந்தது.

அவர் மேற்கே பெஷாவரிலும் லாகூரிலும் கராச்சியிலும் பேசினார். கிழக்கே டாக்காவிலும் சிட்டகாங்கிலும் பேசினார். டாக்காவில் இரண்டரை இலட்சம் பேர் திரண்டதாக அக்காலப் பத்திரிகைகள் எழுதின. டாக்காவிலிருந்து சிட்டகாங் வரை அவர் சென்ற இரயிலுக்குச் 'சுதந்திர இரயில்' என்று பெயர். நிலையத்துக்கு நிலையம் மக்கள் அபாயச் சங்கிலியை இழுத்து வண்டியை நிறுத்தினர். அம்மையார் இரண்டு சொல் பேசிவிட்டுச் செல்ல வேண்டும் என்று மன்றாடினர். வண்டி 22 மணி நேரம் தாமதமாகச் சென்று சேர்ந்தது என்பது அந்நாளையச் செய்தி. உருதுக் கவிஞர் ஹபீப் ஜாலிப் அவரது கூட்டங்களில் தம் கவிதைகளைப் பாடினார். கவிஞர்கள் அரசவை தேடிச் செல்லும் வழக்கமுள்ள நாட்டில், அரசை எதிர்த்தவரின் மேடையைக் கவிதை தேடி வந்தது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இரயில் நிலையங்களில் நின்றவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வாக்கு இல்லை. தேர்தல் தந்திரம் அறிந்தவர் யாரும், வாக்கில்லாத மக்களிடம் பேசி நேரத்தை வீணாக்க மாட்டார். எண்பதினாயிரம் பேரின் வீட்டு வாயிலைத் தேடிச் செல்வதே அவர்கள் கூறும் வழி. அரசாங்கம் அதைத்தான் செய்தது. வேட்பாளர்கள் வாக்காளர்களைச் சந்திக்கத் தேர்தல் ஆணையம் ஏற்பாடு செய்த கூட்டங்களிலும் பொதுமக்களுக்கு இடமில்லை. அப்படியிருக்க அம்மையார் வாக்கில்லாதவர்களிடம் சென்றதைப் பலர் பிரசாரத்தின் பிழை என்றே கருதுகின்றனர்.

என் கருத்து வேறு. அப்பிரசாரத்தின் உயிர் அங்கேதான் இருந்தது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை, நேரடித் தேர்தல், பாராளுமன்ற ஆட்சி என்பன கூட்டு எதிர்க்கட்சிகளின் ஒன்பது அம்சத் திட்டத்தின் முதன்மையான கோரிக்கைகள். வாக்கு வேண்டும் என்ற கோரிக்கையை, வாக்கு உள்ளவர்களிடம் மட்டும் சொல்லிப் பயனென்ன? அது இல்லாதவர்களிடம் சென்று, 'உங்களிடமிருந்து எடுக்கப்பட்டது இது' என்று காட்டினால்தான் அக்கோரிக்கைக்குப் பொருள் உண்டு. அதுவரை அரசியல் சட்ட வல்லுநர்களின் அறைகளில் பேசப்பட்ட ஒரு விஷயத்தை, இரயில் நிலையத்துக் கூலித் தொழிலாளியும் தன் சொந்த வழக்காக உணரும்படி செய்தவர் அம்மையார்.

மார்க்கம் பற்றிய விவாதம்

ஒரு பெண் முஸ்லிம் நாட்டின் தலைமையை ஏற்கலாமா என்ற கேள்வி அத்தேர்தலில் எழுந்தது. அக்கேள்வியை எழுப்பியவர் யார் என்பதுதான் சிந்தனைக்குரியது.

அயூப் கான் தம்மைப் புதுமை விரும்பி என்று காட்டிக் கொண்டவர். 1961-ல் முஸ்லிம் குடும்பச் சட்ட ஆணையைக் கொணர்ந்து, பலதார மணத்துக்கும் தலாக்குக்கும் கட்டுப்பாடு விதித்தவர். உலமாக்களில் பலர் அதைக் கடுமையாக எதிர்த்தபோது பின்வாங்க மறுத்தவர். அதே அயூபின் தரப்பு, எதிரே ஒரு பெண் நின்றதும் உலமாக்கள் சிலரிடம் பத்வா பெற்று, பெண் தலைமை மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று பறைசாற்றியது.

மறுபுறம் ஜமாஅத்தே இஸ்லாமி. பெண்கள் அரசியல் தலைமை ஏற்பதை விரும்பாதவர் என்று தம் எழுத்துகளால் அறியப்பட்டவர் மௌலானா மௌதூதி. 1964 தொடக்கத்தில் அவர் இயக்கம் தடை செய்யப்பட்டு, அவரும் சிறையிலடைக்கப்பட்டார். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் வெளிவந்த அவரும் அவர் இயக்கமும், பெண் தலைமை பொதுவாக விரும்பத்தக்கது அன்றாயினும், எந்நிலையிலும் அனுமதிக்கப்படாத விலக்கு அன்று. அன்றைய அசாதாரண நிலையில் அம்மையாரை ஆதரிப்பதே முறை என்று முடிவு செய்தனர்.

இவ்விவாதத்தில் எப்போதும் எடுத்துரைக்கப்படும் ஆதாரங்கள் நம் வாசகர்கள் அறிந்தவையே. பாரசீகத்தில் கிஸ்ராவின் மகள் அரியணை ஏறிய செய்தி கேட்டு நபிகள் நாயகம் (ஸல்) கூறியதாகப் புகாரியில் பதிவாகியுள்ள நபிமொழி ஒருபுறம். திருக்குர்ஆனின் 'அந்நம்லு' அத்தியாயத்தில், தன் அவையோரிடம் ஆலோசனை கேட்டு முடிவெடுத்த ஸபா நாட்டு அரசியின் வரலாறு மறுபுறம். வரலாற்றைப் புரட்டினால், பதின்மூன்றாம் நூற்றாண்டில் டில்லியை ஆண்ட சுல்தானா ரஸியா, நூறாண்டுக்கு மேல் போபாலை ஆண்ட பேகங்கள், நமக்கு அண்மையில் கண்ணூரின் அறக்கல் பீவிகள் எனப் பலரைக் காணலாம். மார்க்கத் தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் வரலாற்று மாணவன் ஒன்றைக் குறித்துக் கொள்ளக் கடமைப்பட்டவன். அத்தேர்தலில் இரு தரப்பாரும் தத்தம் பழைய நிலையிலிருந்து நகர்ந்தனர். மாற்றத்தை விரும்பியவர் மரபைத் துணைக்கழைத்தார். மரபைப் போற்றியவர் விதிவிலக்கைத் தேடினார். அரசியல் தேவை முன் நிற்கும்போது மார்க்கத்தின் பெயரால் எழும் குரல்களை எத்துணை நிதானத்துடன் கேட்க வேண்டும் என்பதற்கு அது ஒரு பாடம்.

இதில் அம்மையாரின் தரப்பிலும் ஒரு முரண்பாடு இருந்ததை மறைத்தல் ஆகாது. கூட்டு எதிர்க்கட்சிகளின் ஒன்பது அம்சங்களில் குடும்பச் சட்ட ஆணையைத் திருத்துவதும் ஒன்று. பெண்களுக்குச் சில பாதுகாப்புகளை அளித்த சட்டத்தை மாற்றும் திட்டத்தைச் சுமந்து ஒரு பெண்மணி வாக்குக் கேட்க நேர்ந்தது. ஐந்து கட்சிகளை ஒரே கயிற்றில் கட்டியதற்கு அவர் கொடுத்த விலை அது.

வலுக்குறைவுகள்

பிரசாரத்தின் மற்றக் குறைகளும் அங்கிருந்தே பிறந்தன. ஐந்து கட்சிகளும் எதை நீக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டன. எதை நிறுவ வேண்டும் என்பதில் ஒன்றுபடவில்லை. அணியின் மூத்த தலைவரான குவாஜா நாஜிமுத்தீன், பிரசாரம் சூடுபிடித்திருந்த 1964 அக்டோபர் 22-ஆம் நாள் காலமானார். வங்கத்தின் பெருந்தலைவர் மூவரும் இவ்வாறு இரண்டரை ஆண்டுகளுக்குள் மறைந்து, இன்று டாக்காவில் ஒரே நினைவிடத்தில் உறங்குகின்றனர். மௌலானா பாஷானி, அயூப் அரசு சீனாவுடன் கொண்ட நட்பைக் கருதி முழு மனத்துடன் உழைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு பின்னர் எழுந்தது. கூட்டம் சேர்க்கத் தெரிந்த அணிக்கு, ஒன்றிய உறுப்பினர் ஒவ்வொருவரையும் தேடிச் சென்று அவர் அச்சத்தைப் போக்கும் அமைப்பு இருக்கவில்லை.

அயூப் கானுக்கும் சொல்வதற்குச் சாதனைகள் இருந்தன. தொழில்கள் பெருகின, 1960-ல் சிந்து நதி நீர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று, 1958-க்கு முன் அடிக்கடி கவிழ்ந்த அமைச்சரவைகளோடு ஒப்பிட ஆட்சியில் ஒரு நிலைபேறு தென்பட்டது. ஐந்து கட்சிக் கூட்டணி வந்தால் பழைய குழப்பம் திரும்பும் என்று அவர் தரப்பு அச்சுறுத்தியதில் சிறிது உண்மையும் இருந்தது. அம்மையார் வென்றிருந்தால் அக்கூட்டணி எத்தனை மாதம் ஒன்றாக நின்றிருக்கும் என்று கேட்பது நேர்மையான கேள்வியே.

எண்கள் சொல்லும் செய்தி

இனி அந்த வாக்குக் கணக்கை மீண்டும் பார்ப்போம். மேற்குப் பாகிஸ்தானில் அயூப் 28,939, அம்மையார் 10,257. கிழக்குப் பாகிஸ்தானில் அயூப் 21,012, அம்மையார் 18,434. மேற்கில் நூற்றுக்கு 26 வாக்குகள் பெற்றவர், கிழக்கில் நூற்றுக்கு 47 அளவுக்குப் பெற்றார். இரு மாகாணங்களின் பெருநகரங்களான கராச்சியிலும் டாக்காவிலும் அவரே முன்னின்றார். அரசாங்கத்தின் கை எளிதில் எட்டாத இடங்களில் அவர் வென்றார் என்பது இதனால் விளங்கும்.

கிழக்கில் இருவருக்குமிடையே இருந்த வேறுபாடு 2,578 வாக்குகள். அதாவது 1,290 பேர் மனம் மாறியிருந்தால் கிழக்குப் பாகிஸ்தான் முழுவதும் அம்மையாரின் பக்கம் சாய்ந்திருக்கும். நாடு முழுவதையும் எடுத்துக் கொண்டாலும் 10,631 பேர் மாறியிருந்தால் ஜனாதிபதி மாறியிருப்பார். பத்துக் கோடி மக்களின் நாட்டில், ஒரு சிற்றூரின் சந்தைக்கு வரும் கூட்டத்தின் அளவே இந்த எண்ணிக்கை. இத்துணைச் சிறிய தொகையை அச்சத்தாலோ ஆசையாலோ தம் பக்கம் நிறுத்திக் கொள்வது ஓர் அரசாங்கத்துக்குக் கடினமன்று. அந்த முறையின் பலமும் அதுவே, பழியும் அதுவே.

தேர்தல் முடிந்த இரு நாட்களில், ஆளுங்கட்சியின் வெற்றி ஊர்வலத்தைத் தொடர்ந்து கராச்சியில் கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின. அம்மையாருக்கு வாக்களித்த நகரம் அவ்வாறு தண்டிக்கப்பட்டது என்ற கசப்பு அங்கே நெடுநாள் நீடித்தது.

விட்டுச் சென்றவை

அம்மையாரின் தேர்தலுக்குப் பின் பாகிஸ்தானில் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்தினால் அதன் முக்கியத்துவம் புலனாகும். 1965 செப்டம்பரில் இந்தியாவுடன் போர். 1966 ஜனவரியில் தாஷ்கண்ட் உடன்படிக்கை. அதற்கடுத்த பிப்ரவரியில் லாகூரில் ஷேக் முஜீபுர் ரஹ்மான் தம் ஆறு அம்சக் கோரிக்கையை வெளியிட்டார். ஓராண்டுக்கு முன் ஒரே பாகிஸ்தானின் ஜனாதிபதியாக ஜின்னாவின் தங்கையைத் தேர்ந்தெடுக்கும்படி ஊர் ஊராகச் சென்று கேட்ட அதே முஜீப், இப்போது தம் மாகாணத்துக்குத் தனி நாணய ஏற்பாடும் தனிக் காவற்படையும் கேட்டார். இடையில் நடந்தது என்ன? எண்பதினாயிரம் பேர் என்ற வாயிலின் வழியே வங்க மக்களின் விருப்பம் ஒருநாளும் தலைநகரை அடையாது என்பதை அத்தேர்தல் மெய்ப்பித்துவிட்டது. ஆறு அம்சங்களுக்கு வேறு பல காரணங்களும் உண்டு. எனினும் இக்காரணத்தை விட்டுவிட்டு அவற்றை விளங்கிக் கொள்ள இயலாது.

1970 டிசம்பரில் முதன்முதலாக வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த பொதுத் தேர்தலில் அவாமி லீக்குக்கு மேற்கில் ஓர் இடமும் இல்லை. பூட்டோவின் மக்கள் கட்சிக்குக் கிழக்கில் ஓர் இடமும் இல்லை. அதற்கடுத்த ஆண்டு நாடு இரண்டாயிற்று. எண்ணிப் பார்த்தால், பெஷாவரிலும் சிட்டகாங்கிலும் ஒரே பெயருக்காக மக்கள் திரண்ட கடைசித் தேர்தல் 1965-ல் நடந்ததே. ஜின்னாவின் நாடு பிளவுபடுவதற்கு முன், அதன் இரு பகுதிகளையும் இணைத்து நின்ற கடைசி அரசியல் பாலம் ஜின்னாவின் தங்கை. அப்பாலத்தை உடைத்ததை அன்று வெற்றி என்று கொண்டாடினார்கள்.

1968 இறுதியில் மாணவரும் தொழிலாளரும் வீதிக்கு வந்தபோது அவர்கள் எழுப்பிய முழக்கம் நேரடித் தேர்தல், அனைவருக்கும் வாக்கு என்பதே. 1969 மார்ச்சில் வட்டமேசை மாநாட்டில் அயூப் கான் அவ்விரண்டையும் பாராளுமன்ற ஆட்சியையும் ஒப்புக் கொண்டார். நான்காண்டுகளுக்கு முன் லாந்தர் விளக்கின் பெயரால் கேட்கப்பட்டவை அவை. காலம் கடந்து வந்த அந்த இசைவு அவர் பதவியைக் காக்கவில்லை. மார்ச் 25-ஆம் நாள் அவர் விலகினார். அடிப்படை ஜனநாயகமும் அவரோடு மறைந்தது.

அதைக் காண அம்மையார் உயிரோடு இல்லை. 1967 ஜூலை 9-ஆம் நாள், எழுபத்து நான்கு வயது நிறையச் சில நாட்களே இருந்தபோது, கராச்சியில் அவர் காலமானார். இறுதி ஊர்வலத்தில் திரண்ட பெருங்கூட்டத்தின் மீது காவலர் தடியடி நடத்திக் கண்ணீர்ப் புகை வீசினர். தமையனின் அடக்கத்தலத்தருகே அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். தமையனைப் பற்றி அவர் எழுதி முற்றுப் பெறாதிருந்த நூல், இருபது ஆண்டுகள் கழித்து 1987-ல், சில பகுதிகள் நீக்கப்பட்டே வெளியாயிற்று. 1951-ல் வானொலியில் விழுந்த மௌனம் அச்சிலும் தொடர்ந்தது.

பெண் தலைமை பற்றிய கேள்விக்கு வரலாறு அளித்த விடையும் விந்தையானது. அத்தேர்தலில் அயூபின் வெளிவிவகார அமைச்சராக இருந்து அம்மையாரை எதிர்த்தவர் சுல்பிகார் அலி பூட்டோ. அவர் மகள் பேநசீர் 1988 டிசம்பரில் பாகிஸ்தானின் பிரதமரானார். அம்மையாருக்காக வாக்குக் கேட்டவர் முஜீபுர் ரஹ்மான். அவர் மகள் ஹசீனா 1996-ல் வங்காள தேசத்தின் பிரதமரானார். அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே காலிதா ஸியா அப்பதவியை ஏற்றிருந்தார். பேநசீர் காலத்தில் பழைய ஆட்சேபம் மீண்டும் எழுந்தபோது, சிறந்த மார்க்க அறிஞர்கள் ஒரு பெண்ணை ஆதரித்த முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. அந்த வழியில் முதலில் நடந்து, முள்ளைத் தம் காலால் மிதித்தவர் பாத்திமா ஜின்னா. இவர்களின் ஆட்சிகளைப் பற்றி நாம் எவ்விதக் கருத்தும் கொள்ளலாம். வழி திறந்தது யாரால் என்பதில் ஐயமில்லை.

ஆகவே 28,691 என்ற எண்ணை அவருடைய பலத்தின் அளவாகக் கொள்வது பொருந்தாது. அந்த எண், அரசாங்கம் கட்டிய வேலிக்குள் நின்றவர்களில் எத்தனை பேர் அச்சத்தை மீறினார்கள் என்பதை மட்டுமே காட்டும். அந்தக் கணக்கிலும் அது சிறிய எண் அன்று. தம் சாலைப் பணமும் ஊர்ச் செல்வாக்கும் மாவட்ட அதிகாரியின் கையில் இருக்க, அவற்றை எண்ணாமல் லாந்தர் சின்னத்துக்கு முத்திரையிட்டவர்கள் அவர்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த வரலாற்று நூலிலும் இல்லை. அம்மையாரை நினைவுகூரும்போது, வேலிக்கு உள்ளே நின்று துணிந்த அவர்களையும், வாக்கின்றி இரவெல்லாம் இரயில் நிலையங்களில் காத்து நின்ற இலட்சக்கணக்கானோரையும் சேர்த்தே நினைவுகூர்வோமாக.